ஆம் என்பதற்கு ஆகும் நேரம்

நாற்காலியின் காலை நாய் நக்கிவிட்டது.
கோதுமை மாவுப் பசைதானே,
அதற்கென்ன தெரியும்.
விரட்டிவிட்டு மறுபடி பூசினேன்.

சோள மாவு வந்த அட்டைப் பெட்டிகள் பதினேழு,
சோப்புப் பெட்டி நான்கு,
போன தேர்தலில் தோற்றவரின் சுவரொட்டி ஒரு கட்டு.
அவர் சிரிப்பின் மேல்தான்
என் மகள் உட்காரப் போகிறாள்.
ஒட்டி, அடுக்கி, கல்லேற்றி
ஒன்பது நாள் மொகோட்லொங் வெயிலில் காய்ந்தது.
வெயில் என்பது பேச்சுக்கு.
லெசோத்தோ மலையில் ஜூன் மாதம்
வாளித் தண்ணீரைத் தட்டினால் கதவு போலச் சத்தம் கேட்கும்.

மருத்துவமனைப் பெண் அளவெடுத்துக் கொடுத்திருந்தாள்:
இடுப்புக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு,
வழுக்கிவிடாமலிருக்கத்
தொடைகளுக்கு நடுவே ஒரு முட்டு.
தாளின் தலைப்பில்
மூளை முடக்குவாதம் என்று எழுதியிருந்தது.
அந்தச் சொல் வருவதற்கு முன்
எங்கள் தெருவில் வேறு சொற்கள் இருந்தன.
மாசமாயிருந்தபோது எதையோ தாண்டிவிட்டேனாம்.
எதை என்று மட்டும்
கடைசிவரை எவரும் சொல்லவில்லை.

இங்கே பிள்ளை பெற்றவளுக்குப்
பிள்ளையின் பெயர்தான் பெயர்.
மா-கவுஹேலோ என்று ரொட்டிக்காரன் கூப்பிடுகிறான்.
தண்ணீர்க் குழாயடியில் கூப்பிடுகிறார்கள்.
ஞாயிறுதோறும் சுரங்கத்திலிருந்து
அவள் அப்பாவும் தொலைபேசியில் அப்படித்தான்.
ஐந்து வருடமாக
அவள் பெயருக்கு நான் திரும்பிப் பார்க்கிறேன்.
அவளையே அந்தப் பெயர் சொல்லி அழைத்தவர்களை எண்ண
ஒரு கை விரல் போதும்.

மழலையர் பள்ளிக்கு முதலில் போனபோது
படி இருக்கிறதே என்றார் ம்மே செபாபட்சோ.
இரண்டே படி.
அடுத்த முறை:
மற்றப் பிள்ளைகள் பயந்துவிடுவார்களே.
மற்றப் பிள்ளைகள் அந்நேரம்
என் போர்வைக்குள் தலையை விட்டு
அவள் எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்,
யாருடைய சட்டைக் கையாலோ.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"கவுஹேலோ... கருணை...
எவ்வளவு நல்ல பெயர். கடவுள் உங்களுக்கு..."

ம்மே, என்றேன்,
கருணை என்னிடமே இருக்கிறது. பதினான்கு கிலோ.
முதுகில் கட்டித்தான் வந்திருக்கிறேன்.
எனக்கு வேண்டியது
ஜன்னலோரம் இரண்டடி இடம்,
பதிவேட்டில் ஒரு வரி.

திங்கட்கிழமை
நாற்காலி தலையில், அவள் முதுகில்.
யாரும் வரச் சொல்லவில்லை.

ம்மே செபாபட்சோ நாற்காலியை நகத்தால் சுரண்டினார்,
முகர்ந்தார்,
தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார்.
அது முனகக்கூட இல்லை.
பட்டியைக் கட்டி நிமிர்த்தி வைத்தேன்.
என் தோளுக்குப் பின்னாலேயே இருந்த முகம்
முதல் முறையாக எனக்கு நேரெதிரே.
இவளுக்கு இவ்வளவு நீளக் கழுத்தா?

மொட்லட்சி என்றொரு பயல்
நாற்காலியைத் தட்டிப் பார்த்து
எனக்கும் ஒன்று செய்து தா என்றான்.
உனக்குத்தான் நிற்க வருகிறதே?
ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

அவனுக்குத்தான் முதலில் சொன்னேன்:
அண்ணாந்தால் ஆம்.
இமை மூடினால் இல்லை.
காலை முழுக்கக் கேட்டுத் தீர்த்தான்:
மாடு பிடிக்குமா, நாய் பிடிக்குமா,
பனி பிடிக்குமா, என்னைப் பிடிக்குமா?
கடைசிக் கேள்விக்கு இமை மூடியது.
விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு பதிவேடு.
முப்பது பெயர் மையில்,
முப்பத்தொன்றாவது பென்சிலில். பார்த்தேன்.
கவுஹேலோ, என்றார்.

நான் திரும்பவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றேன்.

அவள் தோள் கிளம்பியது, தவறிய பக்கம்.
கை தன்பாட்டில் மேசையைத் தட்டியது.
தாடை இறுகி, விலகி, மறுபடி இறுகி...
ஒரு வாகனம் வந்து நின்று
ஆளிறக்கிப் போகும் நேரம்.
பென்சில் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது.

"பொறுங்கள் ம்மே," என்றான் மொட்லட்சி,
"வந்துகொண்டிருக்கிறாள்."

வந்தாள்.
கண்கள் மெல்ல, மெல்ல
தகரக் கூரைக்கு ஏறின.

அங்கே அப்படி என்ன இருக்கிறதென்று
முப்பது பேரும் அண்ணாந்தார்கள்.